படப் புத்தகத்தோடு வருபவர்

மேற்குச் சென்னையின் அடுக்ககங்களில் புறாவுக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படுகிற ஜீவராசி ஒன்றை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘புரிந்துகொண்டவர்’. பயப்பட வேண்டாம், கடிக்காது. கடித்தால்கூட ஓர் ஊசியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். இது புத்தகம் கொடுக்கும்.

உங்கள் வீட்டுக் குழந்தை இருட்டைக் கண்டால் அழுகிறது, அல்லது இடது கையால் எழுதுகிறது, அல்லது பேசும்போது திக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி காதில் விழுந்த மறுநிமிடமே இவர், அதைப் பற்றி யாராவது எங்கேயாவது குழந்தைகள் படப் புத்தகம் போட்டிருக்கிறார்களா என்று கைப்பேசியில் துழாவி, ஆர்டர் போட்டு, வந்த உறையை வாட்ச்மேனிடம் வாங்கி, லிஃப்டுக்குள்ளேயே பிரித்து, மாடி வந்து சேர்வதற்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்து, கதவு திறக்கும்போது நிபுணராக வெளியே வருவார். நாலு மாடி தூரம். ஒரு மனிதர் நிபுணர் ஆவதற்கு இதைவிட அதிக நேரம் எதற்கு?

இவரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். குரல் ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற அளவுக்கு இறங்கியிருக்கும். குழந்தையின் உயரத்துக்கு இறங்கித்தான் பேச வேண்டும் என்று எங்கோ படித்திருப்பதால் முட்டி மடக்கி உட்காருவார், முட்டி சொடுக்கும், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தை ‘குட் மார்னிங்’ என்று வாயைத் திறப்பதற்குள் “மெதுவா, மெதுவா, அவசரமே இல்ல” என்பார், மிக அவசரமாக. அத்தோடு விடுவாரா? திக்கிப் பேசிய ராஜாக்கள், விஞ்ஞானிகள், நடிகர்கள் என்று பெரிய வரிசையே மனப்பாடமாக வைத்திருப்பார். ஸ்கூல் வேனைத் தவறவிடப்போகிற குழந்தைக்கு எந்த ராஜாவைப் பற்றி என்ன அக்கறை?

எங்கள் குடியிருப்பில் கிடைத்திருக்கும் மாதிரி, நான்காம் மாடி பாஸ்கரன். அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த ஃபிளாட், ஐ.டி.யில் உத்தியோகம், குடியிருப்போர் சங்கத்தின் கலாசாரச் செயலாளர். தங்கமான மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. கெட்டவர்களாக இருந்தால் சமாளித்துவிடலாமே.

அவர் கண்ணில் பட்டவள், இரண்டாம் மாடி மைதிலியின் மகள் நிவேதிதா. என் எதிர் ஃபிளாட். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நிறையப் பேசுவாள், திக்கியும் பேசுவாள். சில நேரம் முதலெழுத்து மூன்று நான்கு தடவை வரும். சில நேரம் வாய் திறந்திருக்கும், சத்தம் வராது, கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறப்பாள், சொல் வந்துவிடும். வருகிற சொல் எப்போதும் அவள் சொல்ல நினைத்த சொல்லாகவே இருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி வருகிறது?

அவளுடைய பிறந்தநாளுக்குச் சில நாள் முன்னால் பாஸ்கரன் லிஃப்டில் முட்டி மடக்கினார்.

“பர்த்டேக்கு என்ன புக் வேணும் கண்ணா?”

“பே-பே-பே...”

“பேசறதப் பத்தியா? வெரி குட். அங்கிள் வாங்கித் தர்றேன்.”

அவள் கேட்டது பேய்க் கதை. ரத்தம் குடிக்கிற பேயாக இருந்தால் நல்லது என்பது அவள் எண்ணம். வந்து சேர்ந்தது ஓர் ஒட்டகச்சிவிங்கி.

ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீளம் அல்லவா? அதனால் சொற்கள் நடுக்கழுத்தில் மாட்டிக்கொள்கின்றனவாம். இது ஒன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. பாஸ்கரன் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தகவலைப் பரப்பியதில், பிறந்தநாளன்று வந்த பரிசுகளைப் பிரிக்கப் பிரிக்க மிருகக்காட்சிசாலையே வெளியே வந்தது. முயல் திக்குகிறது. யானைக்குட்டி திக்குகிறது. ஆமை திக்குகிறது; ஆமைக்கு ஏற்கெனவே இருக்கிற பிரச்சினை போதாதா? அதே ஒட்டகச்சிவிங்கி இன்னும் இரண்டு வந்தது. எல்லாக் கதையிலும் பிராணி முதல் பாதி முழுவதும் மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கும், நடுவில் ஓர் ஆந்தை வந்து உருக்கமாக ஏதோ சொல்லும், கடைசிப் பக்கத்தில் காட்டுக்கே மேடை போட்டு மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள், சிங்கம் எழுந்து நின்று கைதட்டும். திக்குகிற ஒரு பிராணி கடைக்குப் போய் இரண்டு வாழைப்பழம் கேட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் வீடு திரும்பிவிட்டது என்று ஒரு கதை உண்டா? கிடையாது. சொற்பொழிவு ஆற்றியே தீர வேண்டும்.

இதனால் புத்தகங்களே மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒட்டகச்சிவிங்கிப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. ஐஸ்கிரீம் கடையில் அது ‘ஸ்-ஸ்-ஸ்ட்ராபெரி’ என்று சொல்லி முடிப்பதற்குள், கடைக்காரர் கரண்டியில் எடுத்து வைத்திருந்தது உருகி முழங்கை வழியாக வழிந்துகொண்டிருக்கும். கடைக்காரரோ அசையாமல் நிற்பார். நிவேதிதா அந்தப் பக்கத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். வரைந்தவர் விஷயம் தெரிந்தவர், சந்தேகமே இல்லை. ஆந்தை வரும் பக்கம் வந்தால் அவளே தள்ளிவிடுவாள்.

பாஸ்கரன் தள்ளமாட்டார். கொடுத்த புத்தகத்தைத் தானே வந்து வாசித்துக் காட்டுவதும் இந்த இனத்தின் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதிலி வீட்டு சோபாவில் உட்கார்ந்து, ஆந்தைக்கு ஒரு குரல், சிங்கத்துக்கு ஒரு குரல் என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். நான் செய்தித்தாள் இரவல் வாங்கப் போனவன், மாட்டிக்கொண்டேன். கடைசி அட்டையில் பொடி எழுத்தில் பெரியவர்களுக்கு என்று ஒரு குறிப்பு இருந்தது. ‘குழந்தை பேசும்போது சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள். காத்திருங்கள்.’ அதையும் விடவில்லை. விரலை வைத்து, தழுதழுத்த குரலில் இரண்டு முறை வாசித்தார்.

“நிவேதிதா, இதுலேர்ந்து பெரியவங்க என்ன கத்துக்கணும்? சொல்லு பாப்போம்.”

“கா-கா...”

“காத்திருக்கணும். சூப்பர். பாத்தீங்களா மேடம், எவ்ளோ அழகா புரிஞ்சுக்கிட்டா.”

“அவளே சொல்லிருப்பா சார்” என்றாள் மைதிலி.

“அதேதான் நானும் சொல்றேன் மேடம். அவளே சொல்லணும்.”

இவர்களோடு வாதம் செய்ய முடியாது. நம் பக்கமே வந்து நின்றுகொள்வார்கள்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் குடியரசு தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, கார்களை எல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, காலியான கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டுத் தம்போலா ஆடுவோம். ஆளுக்கொரு சீட்டு, சீட்டில் பதினைந்து எண்கள். ஒருவர் பையிலிருந்து ஒவ்வொரு காயாக எடுத்து அதில் உள்ள எண்ணைக் கூப்பிட, நம் சீட்டில் இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் முதலில் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ், பெரிய பரிசு. கூப்பிடாத எண்ணை அடித்துவிட்டு ஜெயித்தேன் என்று எழுந்தால் அந்தச் சீட்டு செல்லாது. அதை ‘போகி’ என்பார்கள். இதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. போன தடவை ஃபுல் ஹவுஸ் அடித்தவர்தான் இந்தத் தடவை மைக்கைப் பிடித்து எண்களைக் கூப்பிட வேண்டும். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது, இதுவரை யாரும் மீறியதும் இல்லை.

தீபாவளி ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸ் அடித்தவள் நிவேதிதா.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மைதிலி தாளிக்கும்போது பக்கத்தில் நின்று, கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு, குக்கர் விசிலுக்கும் அவளுக்கும் போட்டி என்பதைப் போல எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டிலிருந்து எனக்குக் கேட்கும். மைக் அவள் கைக்கு வர வேண்டும், எல்லாருக்கும் நம்பரைச் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதில் ராஜாவும் கிடையாது, விஞ்ஞானியும் கிடையாது.

சங்கக் கூட்டத்தில் பாஸ்கரன் எழுந்தார். தலை சாய்ந்தது.

“காயை அவ எடுக்கட்டும், நம்பரை நான் படிச்சிடறேன். குழந்தைக்கு எதுக்கு அந்த ஸ்ட்ரெஸ்? அதுக்குப் பதிலா, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒட்டகச்சிவிங்கி புக்கை நான் மைக்ல வாசிக்கறேன். அவ மாஸ்க் போட்டுக்கிட்டு என் பக்கத்துல நிக்கட்டும். ஒரு விழிப்புணர்வா இருக்கும்.”

மாஸ்க் ஏற்கெனவே வந்திருந்தது. காதும் கொம்பும் வைத்தது. காட்டவும் செய்தார்.

ஒரு கணம் தனக்கே சரி என்று தோன்றியதாக மைதிலி பிறகு என்னிடம் சொன்னாள். மகள் மைக் முன்னால் வாயைத் திறந்தபடி நிற்க, குடியிருப்பே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி பல நாளாக அவள் கண்முன் வந்துகொண்டே இருந்தது. பெற்றவளுக்குத் தெரியும் அந்தப் பயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

நிவேதிதா எழுந்தாள். “நா-நான்தான் கூ-கூ...”

“கூச்சமா இருக்கு. தெரியும்டா கண்ணா. அதுக்குத்தான் அங்கிள் இருக்கேன்.”

குழந்தையின் முகம் சிவந்துபோயிற்று. ‘கூப்பிடுவேன்’ என்ற சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்கி, அந்த இடத்தில் வேறொன்றை வைத்துவிட்டு, ஆறுதலும் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொம்பு மாஸ்க்கை அவருக்கே மாட்டிவிட்டிருப்பேன்.

அப்போது முதல் மாடி கஜபதி தொண்டையைச் செருமினார். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு வந்தவர். படப் புத்தகம், விழிப்புணர்வு எதிலும் அவருக்கு நாட்டமில்லை. தம்போலாவில் உண்டு.

“இன்னா சார் நீ, ரூலுன்னா ரூலுதான். போன தபா அட்ச்சது பாப்பா, இந்த தபா கூப்புட வேண்டியதும் பாப்பாதான். நீ கூப்ட்டா எக்ஸ்பிரஸ் மாதிரி போய்க்கினே கீற. எங்க ஊட்ல கண்ணாடிய மாட்டிக்கினு தேடறதுக்குள்ள மூணு நம்பரு போய்டுது. பாப்பா நிதானமா கூப்புடட்டும்.”

“ஆமா சார். எனுக்கு அப்போதான் சௌகரியமா கீது” என்றாள் அவர் மனைவி ஜெகதாம்பாள். மூட்டு வலி, கண் புரை என்று வயதான கூட்டம் பின்வரிசையில் தலையாட்டியது. தீர்மானம் நிறைவேறியது. யாரும் யாரையும் ஆதரித்து உருக்கமாகப் பேசவில்லை. அவர்களுக்கு மெதுவாகக் கூப்பிடுகிற ஆள் வேண்டியிருந்தது.

குடியரசு தினம். மைக்கின் உயரத்தைக் குறைத்து வைத்தார்கள். நிவேதிதா பைக்குள் கைவிட்டு முதல் காயை எடுத்துப் பார்த்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மைதிலி என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தன் நாற்காலிக்கும் கைப்பிடி இருக்கிறது என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

“மு-மு-முப்பத்தி ரெண்டு.”

“எனுக்கு கீது” என்றாள் ஜெகதாம்பாள். பேனாக்கள் அசைந்தன. அடுத்த காய். அவ்வளவுதான், ஆட்டம் ஓடத் தொடங்கிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். காயில் என்ன எண் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். உலகத்தில் வேறு எந்த வாக்கியத்தையும் நாம் எடுத்துக் கொடுத்துவிடலாம், இதை முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் குரல் செய்தியைக்கூட இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறவர்கள், சிக்னலில் பச்சை விழுமுன் ஹாரன் அடிக்கிறவர்கள், அத்தனை பேரும் ஓர் எட்டு வயதுப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் எப்போது சொல்வாளோ அதுவரை காத்திருந்தார்கள். இரக்கப்பட்டு அல்ல. முதல் பரிசு இட்லி குக்கர். அந்தக் காத்திருப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மைதிலியும் கொஞ்ச நேரத்தில் என் கைப்பிடியை விட்டுவிட்டுத் தன் சீட்டைக் கவனிக்கப் போய்விட்டாள்.

பாஸ்கரன் பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். முன்வரிசையில் இருந்தார். அவள் ‘நா-நா’ என்றால் இவர் உதடு ‘நாப்பது’ என்று குவியும். அவள் ‘எ-எ’ என்றால் இவர் கழுத்து ‘எழுபது’ என்று நீளும். அந்த உதடு இத்தனை காலத்தில் இவ்வளவு நேரம் சும்மா இருந்து பழக்கப்பட்டதில்லை. அதற்கு மேல் சோதனையாக, ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் சீட்டில் ஒரே ஓர் எண்தான் பாக்கி. ஐம்பத்து நாலு.

நிவேதிதா ஒரு காயை எடுத்தாள்.

“அ-அ-அம்பத்தி...”

நின்றது. கண் இறுக மூடியது. எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருவரைத் தவிர.

“நாலு” என்றார் பாஸ்கரன். சொன்ன வேகத்திலேயே சீட்டில் அடித்தார். அடித்த வேகத்திலேயே எழுந்தார். “ஃபுல் ஹவுஸ்.”

நிவேதிதா கண்ணைத் திறந்து, தான் ஆரம்பித்ததை முடித்தாள். “ஏழு. அம்பத்தி ஏழு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிவேதிதா சிரிக்கவில்லை. கூப்பிடுகிறவர்தான் சீட்டைச் சரிபார்க்க வேண்டும், அதுவும் விதி. கையை நீட்டினாள். பாஸ்கரன் சீட்டைக் கொடுத்தார். ஒவ்வோர் எண்ணாக, எடுத்து வைத்த காய்களோடு ஒத்துப் பார்த்துவிட்டு, மைக்கில் வாயை வைத்தாள்.

“அங்கிள், அம்பத்தி நா-நாலு நான் சொ-சொல்லவே இல்ல. உங்க சீட்டு போ-போ...”

“போகி” என்றார் பாஸ்கரன்.

பழக்க தோஷம். நிறுத்த முடியவில்லை மனிதரால். அந்தக் குழந்தையின் வாக்கியங்களை எத்தனையோ முறை முடித்து வைத்தவர், முதல்முறையாகச் சரியாக முடித்தது அன்றைக்குத்தான்.

“கரீட்டா சொன்ன சார்” என்றார் கஜபதி.

இட்லி குக்கர் ஜெகதாம்பாளுக்குப் போயிற்று. பாஸ்கரன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? திருந்துவதற்கு, தப்பு செய்தோம் என்று தெரிய வேண்டுமே. கூட்டம் கலைவதற்குள், மைக்கோடு நிற்கும் நிவேதிதாவின் படத்தைக் குழுவில் போட்டு, ‘நாம் வாய்ப்புக் கொடுத்தால் குழந்தைகள் பேசுவார்கள்’ என்று எழுதிவிட்டார். கூடவே, தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்கக் கற்றுக்கொள்ளும் நரிக்குட்டி பற்றி ஒரு படப் புத்தகம் ஆர்டர் போட்டிருப்பதாகக் கேள்வி. தனக்காக இருக்கும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். கஜபதிக்காம். பாவம், பெண்டாட்டியிடம் தோற்றவராயிற்றே.

எல்லாரும் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது நிவேதிதா என்னிடம் வந்தாள். களைத்திருந்தாள், ஆனால் ஏதோ முடிவுக்கு வந்துவிட்ட முகம்.

“அங்கிள், இனிமே நா-நான்...” என்றாள். அங்கே நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் காத்திருந்தேன். நீங்கள்?

உண்மையைச் சொல்லுங்கள். ‘நானே கூப்பிடறேன்’ என்று முடித்துவிட்டீர்கள் அல்லவா? முடித்ததோடு நில்லாமல், குழந்தைக்கு எவ்வளவு தன்னம்பிக்கை வந்துவிட்டது என்று கண்கூடக் கலங்கியிருப்பீர்கள். அதற்குள் உங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். அங்கேயும் திக்கிப் பேசுகிற குழந்தை ஒன்று இருக்கிறது, இதை அவர்களுக்கு அனுப்பினால் எவ்வளவு உபயோகமாக இருக்கும் என்று கை கைப்பேசியைத் தேடியிருக்கும். வையுங்கள் கீழே. அவள் இன்னும் முடிக்கவில்லை.

“நான் ஃபுல் ஹவுஸே அடிக்க மாட்டேன். அடிச்சா அடுத்த தடவை கூப்பிட வெச்சுடறாங்க. கூ-கூப்பிடறவங்களுக்குப் பரிசே கிடையாது.”